அக்காவின் பப்புக்கு ஒரு பீர்

ஹுவான் பள்ளத்தாக்கு, டாஸ்மேனியா
செப்டம்பர் 4

அன்புள்ள லோர்னா அக்காவுக்கு,

தம்பி மெர்வின் எழுதுவது. நானும் என் இரண்டு முழங்காலும் ஏதோ ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம். நீயும் உன் பப்பும் உன் கோபமும் எப்படி இருக்கிறீர்கள்?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கென்று கேட்பாய். போன கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வான்கோழியை எவ்வளவு நேரம் வேகவைப்பது என்பதில் ஆரம்பித்து, அப்பாவின் படகை விற்றது யார் என்பதில் வந்து நின்றது. நீ டொக்கென்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

ஜூலையில் ஒரு காய்ச்சல் வந்து என்னை மரம் மாதிரிச் சாய்த்துவிட்டது. இப்போது எழுந்துவிட்டேன். மர லாரியை மறுபடி ஓட்டுகிறேன். சனிக்கிழமைக் கூட்டமும் நடக்கிறது. நாங்கள் ஐந்து பேர், வாரம் ஒரு பீர் பட்டறை. நம் பள்ளத்தாக்கில் இப்போது ஆப்பிள் கிடங்கு காலியானால் போதும், யாராவது தாடிக்காரன் உள்ளே அண்டாவை வைத்துப் பீர் காய்ச்ச ஆரம்பித்துவிடுகிறான்.

நான் உள்ளே நுழைந்தாலே, "டேய், மூக்கு வந்துட்டாரு, எல்லாரும் வாய மூடுங்க" என்கிறார்கள். எந்தப் பீரில் எந்தத் தோட்டத்து ஹாப்ஸ் பூ போட்டிருக்கிறது என்று மோந்தே சொல்கிறவன் இந்தத் தீவில் நான் ஒருத்தன்தானே. பட்டறைக்காரர்கள் எந்தப் பீரில் என்ன இருக்கிறது, எவ்வளவு வலு என்றெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பலகையைப் படித்துவிட்டுக் குடிப்பவன் பரீட்சைக்குப் பிட்டு எடுத்துப் போகிறவன்.

உடம்பைப் பார்த்துக்கொள். முடிந்தால் வாயையும்.

உன் தம்பி,
மெர்வின்

*

சேணம் பப், வில்காரா, மேற்குக் குயின்ஸ்லாந்து
செப்டம்பர் 23

டேய் மெர்வின்,

உன் கடிதம் வந்தது. மேல்விலாசத்தைப் பார்த்துத் தபால்காரி, "யாரோ கோழிய மையில முக்கி நடக்க விட்டிருக்காங்க, லோர்னா" என்றாள். நான் நன்றாக இருக்கிறேன். படகை விற்றது நீதான்.

காய்ச்சல் வந்ததை இரண்டு மாதம் கழித்துச் சொல்கிறாய். இருக்கட்டும், வைத்துக்கொள்கிறேன் உன்னை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எதிரே ரயில்வே ஹோட்டலை வாங்கிய வான்ஸ் பன்னிரண்டு குழாய் போட்டிருக்கிறான். மாம்பழப் பீர், மிளகாய்ப் பீர், காபிப் பீர். ஊரில் குடிக்கிறவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு அங்கே போய்விட்டார்கள். என்னிடம் மிச்சம் இருப்பது கிழவன் ஆல்ஃபி மட்டும். அவனுக்குக் கண் மங்கல், சாலையைக் கடக்க முடியாது, அதனால்தான். பண்ணைக்காரர்கள் யார் பப்புக்கும் வருவதில்லை. குடித்துவிட்டு எண்பது கிலோமீட்டர் திரும்ப ஓட்ட வேண்டும். பாலத்தடியில் நம் போலீஸ்காரர் டகல் ஊதச் சொல்லும் கருவியோடு, கொக்கு மாதிரி நிற்கிறார்.

வருகிற ஈஸ்டர் சனிக்கிழமை சேணத்துக்கு நூறு வயது. அன்றைக்குக் கூட்டம் வந்து, அடுத்த வாரமும் திரும்பி வந்தால் நடத்துவேன். வராவிட்டால் சாவியை வான்ஸிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டேன். என் புருஷன் ஸ்டான் உயிரோடிருந்தவரை முழங்கையை ஊன்றி ஊன்றிப் பள்ளமாக்கி வைத்த, பீர் பரிமாறும் மேடையைப் பெயர்த்துவிட்டு, அந்த இடத்தில் காலிப் புட்டி அடுக்குவானாம்.

அவனுடைய பன்னிரண்டுக்கு எதிராக எனக்கு ஒரே ஒரு பீர் போதும். உங்கள் பக்கத்துச் சின்னப் பட்டறை எதிலிருந்தாவது. குடித்தவன் மறுவாரம் தேடிக்கொண்டு வர வேண்டும். எனக்குப் பீர் விற்கத் தெரியும், தேர்ந்தெடுக்கத் தெரியாது. உன் மூக்கை நம்பித்தான் இருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

லோர்னா

*

ஹுவான்
அக்டோபர் 12

அன்புள்ள அக்கா,

நலமா? இங்கே நலம். வெயில் கொஞ்சம், மழை கொஞ்சம், வலி கொஞ்சம்.

உன் வேலையை எடுத்துக்கொண்டேன். இரண்டு பட்டறை பார்த்தாகிவிட்டது. 'ஈரக் கழுதை' என்று ஒன்று. நாற்காலி நன்றாக இருக்கிறது, முதுகு பிடிக்கவில்லை. அங்கே ஒரு நாய் இருக்கிறது, ஒரு காது கிடையாது. பீர் மஞ்சளாக இருந்தது. அடுத்தது 'ஒற்றைத் துடுப்பு'. ஆற்றைப் பார்த்த இடம். பீர் அங்கே கொஞ்சம் அதிக மஞ்சள். நுரை நன்றாக நின்றது.

ஒரு வேடிக்கை கேள். இங்கே வெள்ளிக்கிழமை தோறும் இரட்சணிய சேனை அம்மா ஒருவர் பப் பப்பாக உண்டியலைக் குலுக்கிக்கொண்டு வருவார். பெயர் ஏவிஸ். என்னை நம் குடும்பப் பெயரோடு 'டிப்பட் ஐயா' என்பார். சீருடை, தொப்பி, கையில் சபைப் பத்திரிகை. வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. ஆனால் இவர் வராத வெள்ளிக்கிழமை குடிகாரர்களுக்கே என்னவோ போலிருக்கும். போன வாரம் நான் ஒரு கிளாஸை மோந்து பார்த்து, "அருமை, தோட்டத்துல நிக்கிற மாதிரி இருக்கு" என்று நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பின்னால் வந்த அந்த அம்மா மூக்கைச் சுருக்கினார்.

"டிப்பட் ஐயா, அது கெட்டுப் போச்சுங்க. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம் வருது. ஊத்திருங்க."

பப்காரன் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு விரல் பருமனுக்குப் பாசி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "உங்களச் சோதிக்கத்தான்டா அப்பிடிச் சொன்னேன்" என்றேன். சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

உன் பீர் கிடைத்துவிடும். அவசரப்படாதே.

மெர்வின்

*

வில்காரா
நவம்பர் 1

மெர்வின்,

சுகம். நீயும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நாற்காலியைப் பற்றி எழுதினாய். நாயின் காதைப் பற்றி எழுதினாய். பீரைப் பற்றி எழுதியது இரண்டு சொல்: மஞ்சள், அதிக மஞ்சள். குருடன்கூட இதைவிட நன்றாகச் சொல்வான். முன்பெல்லாம் ஒரு பீரைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் என் காதைத் தின்பாய்.

வான்ஸ் பதின்மூன்றாவது குழாய் போடுகிறான். தேங்காயாம்.

ஒழுங்காக மோந்து பார்த்து எழுது.

லோர்னா

*

ஹுவான்
நவம்பர் 24

அன்பும் பொறுமையும் நிறைந்த அக்கா,

(இரண்டாவது உனக்கு இல்லை. எழுதினால் வரும் என்றுதான்.) இங்கே எல்லாரும் நலம். லாரிக்கு மட்டும் இருமல்.

நீ திட்டியது நல்லதுக்குத்தான். இப்போது கேள்.

'ஈரக் கழுதை'யின் கறுப்புப் பீர்: மழையில் நனைந்து வந்த கம்பளிக் கோட்டைக் கணப்புக்கு முன்னால் காயப்போட்டது போன்ற வாசம். அடியில் கொஞ்சம் பாட்டுப் புத்தக வாசமும் உண்டு. நிறையப் பேர் விரல் பட்டுப் பழசான பாட்டுப் புத்தகம். 'ஒற்றைத் துடுப்பி'ன் வெளிர் பீர்: ஞாயிற்றுப் பள்ளியில் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் ஒளித்த ஆரஞ்சுத் தோல், திங்கட்கிழமை காலையில் எப்படியிருக்குமோ அப்படி. அதே பட்டறையின் சிவப்புப் பீர்: கல்யாணத்துக்கு ஒரே முறை போட்டுவிட்டுப் பெட்டியில் வைத்த பட்டுச் சட்டை. சோகமான பீர். உனக்கு வேண்டாம்.

இன்னும் மூன்று பட்டறை பாக்கி. இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமையும் போகிறேன்.

உன் உண்மையுள்ள
மெர்வின்

*

வில்காரா
டிசம்பர் 11

டேய் தம்பி,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உடம்பு எனக்கு ஒன்றும் இல்லை. உனக்குத்தான் என்னவோ ஆகியிருக்கிறது.

உன் போன கடிதத்தை மூன்று முறை படித்தேன். பாட்டுப் புத்தகம். ஞாயிற்றுப் பள்ளி. ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. கடைசியில் "உன் உண்மையுள்ள". நம் வம்சத்தில் இப்படி யாரும் கையெழுத்துப் போட்டதில்லை. நீ கடைசியாகக் கோயிலுக்குள் போனது ஞானஸ்நானத்துக்கு, அதுவும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

உண்மையைச் சொல். அந்தச் சேனைக்காரி உன்னை மனந்திரும்பச் செய்துவிட்டாளா? குடியை விட்டுவிட்டாயா? விட்டிருந்தால் விட்டேன் என்று சொல். ஆனால் ஈஸ்டருக்கு அப்புறம் விடு. கடவுள் நூற்றுக்கணக்கான வருஷமாகக் காத்திருக்கிறார், இன்னும் நாலு மாதம் அவருக்கு ஒன்றும் பெரிதில்லை. எனக்குப் பெரிது.

புத்தாண்டுக்குள் ஒரு பீரை முடிவு செய்து, நீயே பட்டறையில் பேசி, மார்ச்சில் வந்து சேரும்படி எட்டுப் பீப்பாய் ஏற்பாடு செய்துவிடு. வேறு யாரிடமும் நான் கேட்கப் போவதில்லை.

பழைய பெட்டியைக் குடைந்தபோது அம்மாவின் லாவெண்டர் தைலப் புட்டி கிடைத்தது. இன்னும் அடியில் கொஞ்சம் இருக்கிறது. இந்தத் தாளின் மூலையில் ஒரு சொட்டு விட்டிருக்கிறேன். மோந்து பார்.

அக்கா

*

ஹுவான்
ஜனவரி 7

அன்புள்ள அக்கா,

புது வருஷம் உனக்கு நல்லபடியாக இருக்கட்டும். நான் சுகம்.

உன் கடிதம் வந்தது. இங்கே தபால்காரன் இந்த வருஷம் கிறுக்குப் பிடித்து அலைகிறான். உன் உறையை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, குச்சியில் குத்தி நீட்டினான். "உன் அக்காகூட ஏதும் சண்டையா?" என்று கேட்டான். வெயில் அதிகம், பாவம்.

அம்மாவின் லாவெண்டரை மோந்தேன். கண் கலங்கிவிட்டது. அம்மாவே அலமாரியைத் திறந்துகொண்டு முன்னால் வந்து நின்றது போல. அந்தக் கடிதத்தைச் சமையலறை மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நான் மனந்திரும்பவில்லை. பயப்படாதே. உன் பீர் கிடைத்துவிட்டது.

மலையடிவாரத்தில் பெட்ரா என்று ஒரு பெண் நடத்தும் பட்டறை. இரண்டு கையிலும் பச்சை குத்தியிருக்கிறாள், பேச்சு சுருக்கம். மரத்தட்டில் நாலு குட்டிக் கிளாஸ் வைத்தாள். கரும்பலகையில் ஏதோ எழுதியிருந்தது, நான் வழக்கம் போல முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். "என்னென்னன்னு சொல்லட்டுமா?" என்றாள். "எனக்கா?" என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள், அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாவது கிளாஸ்தான் அது. காலையில் ரொட்டிக் கடைக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த வாசம். அதற்குப் பின்னால் வெட்டிய புல். சுத்தமான பீர். பிசாசு வாசமே இல்லை. அதிலேயே ஐந்து கிளாஸ் குடித்தேன், என் முழங்கால்கூடத் தள்ளாடவில்லை. அவ்வளவு நேர்த்தியாகக் காய்ச்சியிருக்கிறாள். மூன்றாவதில் எட்டுப் பீப்பாய் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிப்ரவரியில் காய்ச்சி மார்ச்சில் அனுப்புவாள்.

"நிச்சயமா மூணாவதுதானா?" என்று பெட்ரா இரண்டு முறை கேட்டாள். பெரிய மூக்குக்கு அவளுடைய பீர் பிடித்துவிட்டதை நம்ப முடியவில்லை போல.

மெர்வின்

*

வில்காரா
ஜனவரி 22

மெர்வின்,

நான் அந்தத் தாளில் விட்டது லாவெண்டர் இல்லை. ஆட்டுக்குப் புழுப் பிடித்த புண்ணில் தடவும் மருந்து. தாரும் செத்த மீனும் சேர்ந்த நாற்றம். உறையை ஒட்டும்போது நான் தலையை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு ஒட்டினேன். தபால்காரி என்னோடு பேசுவதில்லை.

நவம்பரிலேயே சந்தேகம். பாசி பிடித்த குழாயை நீ "அருமை" என்றாயே, அன்றிலிருந்து.

எவ்வளவு நாளாக? எட்டுப் பீப்பாயை யார் மூக்கை வைத்துச் சொன்னாய்?

லோர்னா

*

ஹுவான்
மார்ச் 2

அக்கா,

நலம் கேட்கிற முகம் எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

உடனே எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுப்பேன், லாரிக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று ஞாபகம் வரும். அந்த லாரி இப்போது எண்ணெயில் நீந்துகிறது.

ஜூலைக் காய்ச்சல் போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. உப்பு தெரிகிறது, இனிப்பு தெரிகிறது, கசப்பு தெரிகிறது. மற்றது எதுவும் இல்லை. டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அதற்கு அவர் எதற்கு, நானே சொல்லியிருப்பேன். பீர் இப்போது எனக்குக் குளிர்ந்த கசப்புத் தண்ணீர். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் இருந்தது அது ஒன்றுதானே அக்கா. படிப்பு இல்லை, பெண்டாட்டி தங்கவில்லை, படகையும் விற்றாகிவிட்டது (ஆமாம், நான்தான்). ஒரு பப்புக்குள் நுழைந்தால் "மூக்கு வந்துட்டாரு" என்பார்களே, அதை விட மனசு வரவில்லை.

பாசிக் குழாய் நடந்த அடுத்த வெள்ளிக்கிழமை, ஏவிஸ் உண்டியலோடு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"டிப்பட் ஐயா, உங்க மூக்கு போயிருச்சு, இல்ல?"

"அதெல்லாம் இல்லீங்க."

"உங்க பூட்ஸ்ல நாய் அசிங்கம் ஒட்டியிருக்கு. வந்ததுலருந்து அந்தக் காலத்தான் மேல போட்டு உக்காந்திருக்கீங்க."

ஒப்புக்கொண்டேன். உன் பப்பைப் பற்றி, ஈஸ்டரைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் என் கிளாஸை இழுத்து மோந்தார். "குடிக்க மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணியிருக்கேன். மூக்குக்கு யாரும் சத்தியம் வாங்கலயே" என்றார். சபையின் பழந்துணிக் கடையில் துணி பிரிக்கிற வேலை அவருக்கு. அதனால்தான் கோட்டு, பட்டுச் சட்டை, பாட்டுப் புத்தகம் எல்லாம். அவர் முகர்ந்து சொல்வார், நான் வீட்டுக்கு வந்து உனக்கு எழுதுவேன். போய் வர வண்டி ஓட்டுவதும் அவர்தான். என் கூட்டத்துக்கு நான் சேனையில் சேரப் போகிறேன் என்று பேச்சு. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

உன் நூறு வருஷத்தை, ஒரு சொட்டுக் குடித்தறியாத ஒரு அம்மாவின் மூக்கில் தொங்கவிட்டுவிட்டேன். வேண்டாமென்றால் பெட்ராவிடம் சொல்லி நிறுத்திவிடு. இன்னும் ஏற்றவில்லை. நான் அவளுக்கு ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

மெர்வின்

*

(தபால் அட்டை. படத்தில் ஒரு பெரிய ஆப்பிள்.)

ஏப்ரல் 1

அக்கா, சௌக்கியமா? பீப்பாய் கப்பலேறிவிட்டது என்று பெட்ரா சொல்கிறாள். நீ நிறுத்தவில்லையா, இல்லை மறந்துவிட்டாயா? திட்டியாவது ஒரு வரி எழுது. போனில் திட்டினாலும் சரி, நான் வைக்க மாட்டேன். மெ.

*

வில்காரா
ஏப்ரல் 28

தம்பி,

உயிரோடு இருக்கிறேன். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது, மற்றபடி நலம். இப்போது உட்கார நேரம் கிடைத்தது. நீயும் உட்கார்.

முதலில், ஏன் நிறுத்தவில்லை. கோபத்தில் ஒரு வாரம் பேசாமல் திரிந்தேன். ஆல்ஃபிகூட, "லோர்னா, என்னயாவது திட்டேன், பயமா இருக்கு" என்றான். அப்புறம் யோசித்தேன். நிறுத்திவிட்டு யாரைக் கேட்பது? வேறொரு மூக்கை எனக்குத் தெரியாது. சேனைக்காரியாவது பொய் சொல்ல மாட்டாள்.

ஈஸ்டர் சனிக்கிழமை காலை. முதல் பீப்பாயைக் குழாயில் மாட்டும்போது கழுத்தில் கட்டியிருந்த சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். "வலு: அரை சதவீதம்."

அரை, மெர்வின். அம்மா நமக்கு இருமலுக்குக் கொடுத்த மருந்தில் இதைவிட அதிகம் இருந்தது. பிசாசு வாசமே இல்லை என்றாளாம் உன் சேனைக்காரி. போதை இருந்தால்தானே வரும். நீ ஐந்து கிளாஸ் குடித்துவிட்டு முழங்கால் தள்ளாடவில்லை என்று எனக்கே பெருமையடித்தாய். அது பீரின் நேர்த்தி இல்லை, முட்டாள். பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்திருப்பாள். நீ முதுகைக் காட்டி உட்கார்ந்தாய். இரண்டு முறை கேட்டாளே, அப்போதாவது உறைத்ததா?

வாசலில் தோரணம் கட்டியாகிவிட்டது. மத்தியானம் கூட்டம் வரும். கையில் இருப்பது இது எட்டுப் பீப்பாய். ஸ்டானின் பள்ளத்தில் முழங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, "நூறு வருஷம், பீர் என் செலவு" என்று வாசலில் எழுதி வைத்தேன். தண்ணீரை விற்றேன் என்று யாரும் சொல்லக்கூடாது பார்.

இலவசம் என்றதும் மொத்த ஊரும் வந்தது. வான்ஸின் சமையல்காரன்கூட. முதல் வாய் குடித்ததும் எல்லாரும் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார்கள். எனக்கு உயிர் போய்விட்டது. அப்புறம் ஒருத்தன், "ரொட்டிக்கடை மாதிரி வாசம்டா" என்றான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஆல்ஃபி ஆறாவது கிளாஸில் வழக்கம் போல மேசை மேல் ஏறிப் பாடினான். மில்லர் சகோதரர்கள் வழக்கம் போலச் சண்டைக்குப் போய், கைச்சட்டையை மடித்துவிட்டு, எதற்கென்று மறந்துபோய் உட்கார்ந்துவிட்டார்கள்.

சாயங்காலம் டகல் பாலத்தடியில் வண்டி வண்டியாக நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறார். எல்லாருக்கும் பூஜ்யம். கருவி கெட்டுவிட்டதென்று தானே ஊதிப் பார்த்திருக்கிறார், அதுவும் பூஜ்யம். சைரன் போட்டுக்கொண்டு நேரே இங்கே வந்தார்.

"லோர்னா, உள்ள என்ன நடக்குது? அந்தக் கிழவன் மேசை மேல நிக்கிறான், ஊதுனா சின்னப் புள்ள மாதிரி இருக்கான்."

காதில் சொன்னேன். தொப்பியைக் கழற்றி மேடையில் வைத்து, "எனக்கு ஒண்ணு ஊத்து" என்றார். இருபது வருஷத்தில் சீருடையோடு அவர் என் பப்பில் குடித்தது அன்றுதான்.

டகல் வாயில் ரகசியம் எங்கே தங்கும். திங்கட்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆல்ஃபிக்குத்தான் மனசே ஆறவில்லை.

"அப்ப நான் மேச மேல ஏறுனது?"

"அது நீயே ஏறினது, ஆல்ஃபி."

"பாடுனது?"

"அதுவும்."

யோசித்துவிட்டு, "அப்ப எனக்குக் குரல் நல்லாத்தான் இருக்கு" என்றான்.

அடுத்த சனிக்கிழமை நான் சாவியை எடுத்து மேடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளூர்க்காரர்கள் பாதிப் பேர் வான்ஸிடம் போய்விட்டார்கள், அவர்களுக்குப் போதை ஏற வேண்டும். சரி, முடிந்தது என்று நினைத்தேன். அப்போது பாலத்துப் பக்கம் தூசி எழும்பியது. பண்ணை வண்டிகள், மெர்வின். ஒன்றன்பின் ஒன்றாக. எண்பது கிலோமீட்டர், நூற்றிருபது கிலோமீட்டர். பல வருஷமாகப் பப் பக்கமே தலைகாட்டாதவர்கள், பெண்டாட்டி பிள்ளைகளோடு. நாலு கிளாஸ் குடித்து, ஊர்க்கதை பேசி, டகலுக்குக் கை காட்டிவிட்டு வீட்டுக்கு ஓட்டிப் போகலாமாம். அதற்கடுத்த வாரமும் வந்தார்கள். ஆட்டிறைச்சி வறுத்தே என் கால் வீங்கிவிட்டது.

வான்ஸ் வந்து கேட்டான். சாவி தொலைந்துவிட்டது என்றேன்.

பெட்ராவுக்குச் சொல், மாதம் இருபது பீப்பாய். மூன்றாவது கிளாஸ்.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. மூக்கு போனதற்கு இல்லை, சொல்லாமல் இருந்தாயே, அதற்குத்தான். மூக்கு இல்லாவிட்டாலும் நீ என் தம்பிதான். அது இருந்தபோதும் அப்படி ஒன்றும் அழகாக இல்லை.

அம்மாவின் லாவெண்டர் புட்டி நிஜமாகவே என்னிடம் இருக்கிறது. இந்த முறை அதைத்தான் விட்டிருக்கிறேன், சத்தியமாக. ஏவிஸிடம் கொடு. அவள் மோந்து பார்த்து உனக்குச் சொல்லட்டும். வெள்ளிக்கிழமை உண்டியல் குலுக்க இங்கேயும் ஆள் இல்லை என்று அவளிடம் சொல்லி வை.

அக்கா

*

ஹுவான்
மே 17

அன்புள்ள அக்கா,

உன் வீங்கிய கால்களுக்கு முதல் வணக்கம். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் கடிதத்தைச் சனிக்கிழமைக் கூட்டத்தில் உரக்கப் படித்தேன். மூக்கு போனதையும் சொல்லிவிட்டேன். அப்புறம் ஒருத்தன், "அதான பாத்தேன், என் பொண்டாட்டி செஞ்ச கேக்க நீ ரெண்டு துண்டு தின்னப்பவே நெனச்சேன்" என்றான். இப்போது நுழைந்தால், "ரெண்டு மூக்கும் வந்துட்டாங்க" என்கிறார்கள். ஏவிஸுக்கு முதலில் இடம் விடுகிறார்கள். பெட்ரா அந்தப் பீருக்கு 'சேணம்' என்றே பெயர் எழுதிவிட்டாள். நான் பலகையைப் படித்தேன். கண்ணாடி போட்டு, முதல் வரியிலிருந்து.

அரை சதவீதத்தை ஏவிஸிடம் சொன்னேன். ஆச்சரியப்படவே இல்லை. "நான் அன்னிக்கே சொன்னேனே, அதுல பிசாசு இல்லேன்னு. நீங்கதான் அத ஏதோ பாராட்டுன்னு நெனச்சீங்க." அந்தப் பீரை ஒரு வாய் குடித்துப் பார்க்கிறீர்களா என்றேன். அரை என்றாலும் அரை இருக்கிறதாம். மூக்கு போதுமாம். வில்காரா எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டார்.

லாவெண்டரை நேற்று மோந்து சொன்னார், என் சமையலறையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு. "தேய்ச்ச போர்வை. வெயில். உள்ள கொஞ்சம் சோப்பு. நல்ல அம்மாங்க உங்க அம்மா." நானும் வாங்கி மோந்தேன். ஒன்றும் இல்லை. வெறும் காகிதம். பரவாயில்லை என்று மடித்து, மற்றக் கடிதங்களோடு வைக்கலாமென்று மேசை இழுப்பறையை இழுத்தேன்.

அக்கா, யாரோ முகத்தில் ஓங்கி அறைந்தது போல இருந்தது. தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். என்னவென்று புரியவில்லை. மறுபடி குனிந்தேன். தார். செத்த மீன். உன் டிசம்பர்க் கடிதம்.

நான் இழுப்பறைக்குள் மூக்கை விட்டபடியே நிற்கிறேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. ஏவிஸ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, அத மூடுங்க, மெர்வின், மூடுங்க" என்கிறார். (ஐயா போய்விட்டது, கவனித்தாயா?) நான் மூடவில்லை. போன ஜூலைக்குப் பிறகு என் மூக்குக்குள் நுழைந்த முதல் விருந்தாளி அது. எப்படி மூடுவது?

லாவெண்டர் இன்னும் வரவில்லை. பீரும் வரவில்லை. இது மட்டும்தான். வரும் என்கிறார் ஏவிஸ். வந்தாலும் நான் அவரை விடுவதாக இல்லை.

அந்தக் கடிதத்தைக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்கிறார். நான் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறேன்.

நாற்றம் தெரியும் சந்தோஷத்தோடு,
உன் தம்பி மெர்வின்